உம்மாவின் வீங்கிய கை

அல்ஹம்துலில்லாஹ், எங்கள் உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் மருத்துவர்கள் அகற்றியிருந்தார்கள். சில மாதங்கள் சென்றபின், ஃபஜ்ருக்கு உளூச் செய்கையில் உம்மாவின் சட்டைக்கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. வெட்கத்தால் வீக்கத்தைப் பல வாரங்கள் மறைத்திருந்தார்கள். “ஸப்ருச் செய்யுங்கள் உம்மா” என்று கூறி, நாங்கள் தைலமிட்டு அழுத்தித் தேய்த்தோம். வீக்கம் கூடியது.

பெண் இயன்முறை மருத்துவர் ஒருவரே எங்கள் தவற்றை உணர்த்தினார். இரத்தத்தை இதயம் உந்துகிறது. நிணநீரையோ நாளங்களின் சுருக்கமும் தசையசைவும் மூச்சுமே நகர்த்துகின்றன. கணுக்கள் நீங்கினால் நீர் தேங்கக்கூடும். 1930களில் டென்மார்க்கின் வோடர் தம்பதியர் வகுத்த நிணநீர் வடிப்பு மசாஜில் எண்ணெயோ பலத்த அழுத்தமோ இல்லை. தோலை மெல்ல நகர்த்தி விடுவார்கள். முதலில் கழுத்து, பிறகு மறுபக்க அக்குள், அதன்பின்னரே வீங்கிய கை. முடிவில் அழுத்தக் கட்டு. கை சிவந்து காய்ச்சல் கண்டால் மசாஜை நிறுத்தி, உடனே மருத்துவரை நாட வேண்டும்.

எங்கள் தங்கை அதை முறையாகக் கற்று, நாள்தோறும் செய்துவருகிறார். வீக்கம் முற்றிலும் மறையவில்லை; ஆயினும் சட்டைக்கை இப்போது ஏறுகிறது.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஸப்ரைப் போதிக்கும் நாங்கள், அதன் பொருளை உம்மாவின் கையில்தான் கற்றோம். வலியை மறைக்கச் சொல்வது ஸப்ராகாது. சிகிச்சையைத் தேடி, பலனை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். உங்கள் வீட்டுப் பெண்களிடம் இன்றே கனிவோடு விசாரியுங்கள். அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.