கடலைத் தள்ளி வைத்த ஊர்

வழிகாட்டி ஒருவர் தூக்கிப் பிடித்த கொடியின் பின்னால் நடந்து ஊர் பார்க்கும் வழக்கத்தின் மீது எனக்கு வெகு காலமாகவே ஓர் அவநம்பிக்கை உண்டு. ஓர் ஊரின் சுபாவம் இன்னதென்று அறிந்துகொள்வதற்கு அதன் கடைத்தெருவில் யாதொரு நோக்கமும் இன்றி இரண்டு மணி நேரம் திரிவதே உத்தமமான மார்க்கம் என்பதும், பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, படம் பிடித்துக்கொள்ளப் பத்து நிமிஷம் அவகாசம் கொடுத்து, தலையை எண்ணி மறுபடி ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் காட்டுவதெல்லாம் ஊர் தன்னைப் பற்றித் தானே அச்சடித்து வைத்திருக்கும் விளம்பரம் என்பதும் என் சித்தாந்தம். ஆனால் சித்தாந்தங்கள் எல்லாம் சொந்தப் பணத்தில் பிரயாணம் செய்கிறவனுக்குத்தான் செல்லுபடியாகும். சிங்கப்பூரில் என்னைத் தன் வீட்டில் வைத்து உபசரித்த தமக்கை மகன், "ராத்திரியில்தான் மாமா இந்த ஊருக்கு அழகே" என்று சொல்லி, மாலை நேரச் சுற்றுலா ஒன்றுக்குச் சீட்டை வாங்கிக் கையில் திணித்துவிட்டான். மறுத்தால் அவன் மனம் கோணும்.

புறப்படும்போதே நான் கூட எடுத்துச் சென்ற அபிப்பிராயம் வேறொன்றும் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடிக்குப் பக்கத்தில். அங்கே கடல் என்பது வேடிக்கை பார்க்கும் வஸ்து அல்ல. வருஷா வருஷம் வேலியைச் சற்றுச் சற்றாக நகர்த்தி நம் மனைக்குள் வந்துகொண்டேயிருக்கும் பங்காளியைப் போன்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அது விழுங்கியாகிவிட்டது. வடக்கே சில மைல் போனால் பூம்புகார். அங்கே ஒரு பட்டணத்தையே கொண்டுபோயிற்று என்பது ஐதீகம். கரையில் நின்று தண்ணீரைச் சுட்டிக்காட்டி, "அதோ, அங்கேதான் முன்னே ஒரு தெரு இருந்தது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு, கடலின் விளிம்பிலே ஐம்பத்தைந்து மாடிக் கோபுரங்கள் மூன்றை நிறுத்தி, அம்மூன்றின் தலையிலும் சேர்த்தாற்போல 340 மீட்டர் நீளத்துக்குத் தோட்டமும் நீச்சல் குளமும் அமைத்து, அதற்கு விளக்கும் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஊரின் மேல் மதிப்பைக் காட்டிலும் சந்தேகம்தான் அதிகமாக உண்டாகும்.

எங்கள் கூட்டம் பெரும்பாலும் தஞ்சை ஜில்லாவிலிருந்து வந்த குடும்பங்கள். வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழ் இளைஞன். நல்ல குரல், நல்ல சுபாவம், யாரையும் கோபித்துக்கொள்ளாத சிரிப்பு. கடைசி வரிசையில், குடையை மடித்து முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் சிங்கப்பூர்வாசி; ஊரிலிருந்து வந்திருக்கும் சம்பந்திக்கும் சம்பந்தியம்மாளுக்கும் துணையாக வீட்டார் வற்புறுத்தி அனுப்பிவைத்தவர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சொந்த ஊரைச் சீட்டு வாங்கிப் பார்க்க நேர்ந்த மனிதரின் முகத்தில் என்ன களை இருக்குமோ அதுவே அவர் முகத்திலும் இருந்தது.

ஆற்றங்கரையில் படகு ஏறினோம். முன்பு சரக்கு ஏற்றிய படகுகளின் வடிவத்திலேயே செய்து, முகப்பில் இரண்டு கண்களை வரைந்து, சிவப்புக் காகிதக் கூடு விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வழிகாட்டி மைக்கைப் பிடித்ததும் கவியாகிவிட்டான். இந்த ஆற்றில் ஒரு காலத்தில் தொங்கான்கள் இக்கரைக்கும் அக்கரைக்கும் பாலம் போட்டாற்போல நெருங்கி நின்ற காட்சியையும், கூலிகள் மெல்லிய பலகையின் மேல் அரிசி மூட்டை சுமந்து நடந்த சாமர்த்தியத்தையும், அந்தி வெயிலில் தண்ணீர் தங்கமாக மின்னிய அழகையும் அவன் வர்ணிக்க வர்ணிக்க, நானும் என் அவநம்பிக்கையைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, ஆங்கிலேயர் குடியேற்றத்தின் ஆரம்ப காலத்தில் இந்தச் சரக்குப் படகுகளைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள் என்பதையும், தொழில் பிறகுதான் சீனர் கைக்கு மாறிற்று என்பதையும் நினைத்து, கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் ஏக்கமுமாக இருந்த நேரத்தில், பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"தம்பி, நாறும்."

மைக் ஒரு கணம் நின்றது.

"இந்த ஆறு நாறும் என்கிறேன். பஸ்ஸில் போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவோம். தங்கமாக மின்னிற்றாம்! எண்ணெய் மிதந்தால் மின்னாமல் என்ன செய்யும்? நீ பார்த்தாயா?"

"இல்லை, அங்கிள். படத்தில் பார்த்ததுதான். கொஞ்சம் இருங்கள் லா, பாலம் வருகிறது."

பாலம் வந்தது, 1869-ல் கட்டி முடித்த காவனா பாலம். இரும்புப் பாகங்களைக் கிளாஸ்கோவிலிருந்து கொண்டுவந்து பூட்டினார்கள் என்றும், மாடும் குதிரையும் இதில் போகக்கூடாதென்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறதென்றும் வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்கையில், நீர்மட்டம் ஏறிவிட்டால் இதன் அடியில் படகு நுழையாமல் தவிக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான் என்று பெரியவர் பக்கத்திலிருந்த என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு நான் கேளாமலே விவரம் வந்தது. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருஷத்தில் இந்த ஆற்றில் மீன் பிடிக்க வேண்டும் என்று சொன்னார். மேலே பன்றிப் பண்ணைகளை அகற்றினார்கள். கரையோரத்துத் தள்ளுவண்டிக் கடைகளைக் கூடங்களுக்குள் கொண்டுபோனார்கள். 1983-ல் தொங்கான்கள் அத்தனையையும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். 1987-ல் வேலை முடிந்தது. "படகுக்காரன் அழுதான், வாஸ்தவம்தான். ஆனால் அழுகையைச் சொல்லு, நாற்றத்தையும் சொல்லு. இரண்டையும் விட்டுவிட்டுத் தங்கம் தங்கம் என்றால்?"

நான் சற்றே ஏமாற்றம் அடைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வயதானவர் ஒருவர் பழைய ஊரைப் பற்றிப் பேச வாயெடுத்தால், அது போயிற்றே என்று பெருமூச்சு விடுவார், நாமும் கூடச் சேர்ந்து விடலாம் என்பது பிரயாணிகள் எல்லோருக்கும் உள்ள ஓர் எதிர்பார்ப்பு. இவரோ பெருமூச்சு விட்ட இளைஞனைக் கண்டிக்கிறவராக இருந்தார்.

சிங்கத் தலையும் மீன் உடலுமாக வாயிலிருந்து நீர் உமிழும் மெர்லயன் சிலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பார்க்காதவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். 1972-ல் ஆற்றுவாயில் வைத்த சிலைக்கு எதிரே 1997-ல் ஒரு பாலம் வந்து பார்வையை மறைத்துவிட்டதால், 2002-ல் அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர் தெரியும் இடத்தில் மறுபடி நிறுத்தினார்கள் என்ற தகவல் மாத்திரம் எனக்குச் சுவையாக இருந்தது. தண்ணீர் நகர்ந்தால் தெய்வத்தையும் கூடவே நகர்த்த எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

படகு அகன்ற நீர்ப்பரப்புக்குள் புகுந்தது. நாலா பக்கமும் விளக்குகள். அவ்வளவும் தண்ணீரிலும் இருந்தன. "இப்போது நாம் கடலுக்குள் வந்துவிட்டோம்!" என்றான் வழிகாட்டி. குழந்தைகள் கை தட்டினார்கள்.

"கடலா? இது குளம்" என்றார் பெரியவர், இம்முறை எழுந்து நின்று.

இதன் பிறகு நிகழ்ந்ததைச் சண்டை என்று சொல்வது சற்று மிகை. ஆனாலும் படகிலிருந்த யாரும் விளக்குகளைப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு இது கடலாகத் தெரிகிறது, தெரிந்துவிட்டுப் போகட்டும், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பது வழிகாட்டியின் கட்சி. பெரியவரின் கட்சி வேறு. 2008-ல் திறந்த மரினா அணைக்கட்டு, 350 மீட்டர் அகலத்துக்கு, ஒன்பது மதகுகளோடு வாய்க்காலின் குறுக்கே நிற்கிறது. வெளியே உப்பு, உள்ளே மழைநீர். இத்தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்கிற மழை இங்கேதான் வந்து சேருகிறது. ஓரிரு வருஷத்தில் உப்பு கழுவப்பட்டு நல்ல தண்ணீர் ஆகிவிட்டது. கடல் பொங்கும்போது பலத்த மழையும் பெய்தால், ஏழு ராட்சசப் பம்புகள் உள்ளேயிருக்கும் நீரை வெளியே இறைக்கும். "பட்டணத்தின் நட்டநடுவிலே கடலை மறித்துக் குடிதண்ணீர்க் குளமாக்கியிருக்கிறோம். இதைச் சொல்லாமல் அந்த மூன்று கோபுர ஹோட்டலில் அறை வாடகை எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயே, தம்பி!"

சம்பந்தி மெதுவாக அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "சரி அங்கிள், குளம்தான்" என்று ஒப்புக்கொண்டு, எட்டு மணி ஒளிக்காட்சிக்கு எங்களைக் கரையேற்றினான். நீர்த்திரையும் லேசர் கதிரும் சங்கீதமுமாக அது பிரமாதமாகவே நடந்தது. ஆனால் என் மனம் அந்த மதகுகளிடமே இருந்தது. கடல் நிலத்தைத் தின்னும் கரையில் பிறந்த ஒருவன், நிலம் கடலைத் தின்னும் கரைக்கு வந்து, விளக்குகளைப் பார்த்து அலட்சியமாக முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தானே ஒழிய, காலடியில் இருப்பது என்ன தரை என்று கேட்கவில்லை.

சுற்றுலா முடிந்ததும் சம்பந்திகள் களைத்து ஹோட்டலுக்குப் போனார்கள். பெரியவர் என்னைச் சாத்தே சாப்பிட அழைத்துக்கொண்டு போனார். லாவ் பா சாட் என்னும் பழைய தெலுக் ஆயர் சந்தை, வார்ப்பிரும்புத் தூண்கள் மேல் எட்டுப் பட்டையாக நிற்கும் கட்டடம், 1894-ல் எழுந்தது. இரும்பு இதற்கும் கிளாஸ்கோதான். அதை ஒட்டிய பூன் டாட் தெருவில் இரவானால் மோட்டார்களை நிறுத்திவிட்டு மேஜை போட்டுவிடுகிறார்கள். கரியடுப்புப் புகைக்கு நடுவே, குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சியும், நிலக்கடலைக் குழம்பும், வெள்ளரித் துண்டும், பச்சை வெங்காயமும், ஓலையில் அழுத்தி வேகவைத்த சோறுமாக வந்தன. குழம்பின் இனிப்பு முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பத்தாவது குச்சிக்குள் பிடிபட்டுவிட்டது.

பெரியவரின் தகப்பனார் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். இவர் இங்கேயே பிறந்து, இருபது வயதை ஒட்டி, கிழக்குக் கரையில் கடலைத் தூர்த்த வேலையில் சேர்ந்தார். 1966-ல் ஆரம்பித்த வேலை அது. பிடோக்கிலும் சிக்லாப்பிலும் குன்றுகளைக் கரைத்து, அந்த மண்ணை ஓடும் பட்டைகளில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். சுதந்திரம் அடைந்த காலத்தில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730-க்கு மேல்.

"குன்று போயிற்றே என்று வருத்தமில்லையா, ஐயா?"

"மரின் பரேடில் அந்த மண்ணின் மேல் கட்டின வீட்டில்தான் என் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள். எதற்கு வருத்தம்?"

உள்ளூர்க் குன்றுகள் போதாமல் பிற்காலத்தில் அண்டை நாடுகளின் மணலை வாங்கித் தூர்த்ததையும், 2007-ல் இந்தோனேசியா இனி மணல் தருவதில்லை என்று நிறுத்திவிட்டதையும் நான் நினைவூட்டினேன். ஓரிடத்தில் கரை வளர்ந்தால் வேறெங்கோ ஒரு கரை குறைகிறது என்பதைக் குறைந்த கரைக்காரன் சொல்லாமல் யார் சொல்வது? பெரியவர் குச்சிகளை ஒன்று சேர்த்து அடுக்கினார். "காசு கொடுத்துத்தான் வாங்கினோம்" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "நீங்கள் சொல்வதும் சரிதான், அதையும் அந்தப் பையன் சொல்ல வேண்டும்" என்றார்.

சாப்பிட்ட இடத்திலிருந்து தெரு முனைக்கு நடத்திக்கொண்டு போனார். முனையில் நாகூர் தர்கா! கீழே ஐரோப்பியத் தூண்கள், மேலே துளைத் துளையாய் அலங்கரித்த சுவர், சின்னஞ்சிறு மினார்கள். நாகூரின் ஐந்து மினார்களையும் கடற்காற்றையும் அறிந்தவனுக்கு, வங்கிக் கட்டடங்களின் காலடியில் இதைக் காண்பது திகைப்பாயிருந்தது. 1828-க்கும் 1830-க்கும் நடுவே நம்மவர் கட்டியது. நாலு வாசல் தள்ளி, 1839-ல் தொடங்கிய சீனர்களின் கடல் தேவதைக் கோயில். கரை சேர்ந்தவர்கள் முதலில் நன்றி செலுத்தும் இடங்களாக இரண்டும் அலைக்கு எதிரே நின்றன. 1879-லிருந்து 1887 வரை தூர்த்த தூர்ப்பில் கடல் போய்விட்டது. அந்தக் குளத்தைப் பார்க்கவே இப்போது இங்கிருந்து பத்து நிமிஷமாவது நடக்க வேண்டும். பெரியவர் குடை நுனியால் நடைபாதையில் ஒரு கோடு இழுத்து, "இங்கே அலை" என்றார்.

"உங்கள் ஊர்க் கோயில் பக்கம் என்ன போட்டிருக்கிறார்கள்?" என்று திடீரென்று கேட்டார்.

"கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்."

"அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்?"

தெரியாது என்றேன்.

"மணல் எந்தத் திசையில் ஓடுகிறது?"

"தெற்கேயிருந்து வடக்கே."

"அப்படியானால் தெற்கே யாராவது கடலுக்குள் சுவர் நீட்டியிருக்கிறார்களா?"

துறைமுகங்கள் உண்டு என்றேன். அவர் கண்ணில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. சாத்தேக் கடைப் பற்றுச்சீட்டைப் பின்புறமாகத் திருப்பி, தர்காப் படியில் வைத்து, என் பேனாவை வாங்கிக் கரையை வரையத் தொடங்கினார். கல்லை மட்டும் கொட்டினால் அதன் அடிமண்ணை அலை தோண்டும் என்றார்; எங்கே தடுப்பு நீள வேண்டும், எங்கே மணல் கொட்ட வேண்டும் என்று அம்புக்குறி போட்டார். நடுவில் டெலிபோன் அடித்தது. ஹோட்டல் அறையில் குளிர்சாதனத்தை அணைக்கத் தெரியவில்லை என்று சம்பந்தி.

"கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சம்பந்தி. இங்கே ஒருத்தர் ஊருக்குள் கடல் வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டு, அந்தக் கருங்கல் ஒவ்வொன்றும் எத்தனை டன் இருக்கும் என்று என்னை அதட்டிக் கேட்டார்.