கிட்டியும் கண்ணியும்

ஜின் என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சீசாவும் கண்ணாடித் தம்ளருந்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் பிராணிகளைப் பிடிக்கிற பொறிக்கும் ஜின் என்றுதான் பெயர். சீசாவில் இருக்கிற ஜின்னுக்கும் இதற்கும் உறவே கிடையாது. அது ஜூனிபர் என்ற செடியின் பெயரிலிருந்து வந்தது. இதுவோ 'எஞ்சின்' என்ற வார்த்தையின் தலை உதிர்ந்து மிஞ்சிய வால். எஞ்சினுக்கு மூலம் லத்தீனில் இருக்கிறது. அங்கே அதற்குப் புத்திசாலித்தனம் என்று அர்த்தம். புத்தி முதலில் யந்திரமாயிற்று; பிறகு முயலின் காலைப் பிடித்தது.

நம்முடைய 'பொறி'யும் இதே காரியத்தைத்தான் செய்திருக்கிறது. யந்திரமும் பொறி, எலி மாட்டுகிற கூண்டும் பொறி. பொறியியல் கல்லூரியில் பிள்ளைக்கு இடம் வாங்க அலைகிற தகப்பனார்களில் எத்தனை பேர், அந்தப் பெயருக்குள் ஓர் எலி உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள்? ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு பாஷைகள் ஒரே மாதிரி நினைத்திருக்கின்றன என்பது எனக்கு வெகு நாள் ஆச்சரியமாக இருந்தது.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் புலமை அல்ல, பிழைப்பு. தாமஸ் ஹார்டி 1895-இல் வெளியிட்ட 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' நாவலைத் தமிழில் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டிருந்தார். கல்லூரியை இரண்டே வருஷத்தில் முடித்துக்கொண்டு வெளியே வந்தவன் நான். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கற்ற ஆங்கிலந்தான். அதில் ஓர் இரவுக் காட்சி வருகிறது. படுத்திருக்கும் ஜூடுக்கு எங்கோ ஜின்னில் அகப்பட்ட முயலின் கதறல் கேட்கிறது. விடியும் வரைக்கும் அது அப்படியே கிடந்து துடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பொறுக்க முடியாமல் எழுந்து போய் அதன் வேதனையை ஒரே அடியில் முடித்துவிடுகிறான். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஸூவும் தூங்காமல் அதே குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாவலின் உயிர் நிலைகளில் அது ஒன்று.

இங்கே 'பொறி' என்று எழுதினால் என்ன ஆகும்? வாசகர் மனத்தில் மசால் வடை மாட்டிய எலிக்கூண்டு எழும்பும். முயல் அதற்குள் எப்படிப் போயிற்று என்று யோசிக்க ஆரம்பிப்பார். காட்சி அத்துடன் தீர்ந்தது.

தேடத் தொடங்கினால், இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் பெரிய பணக்காரர்கள் என்று தெரிகிறது. நற்றிணையில் ஒரு பாட்டு. தினைப்புனத்துக் காவல்காரன் பன்றிக்கு வைத்த பொறியில் புலி வந்து விழுகிறது. பெரிய கல் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, தொட்டால் விழும்படி செய்திருக்கிறான். அந்தக் கல்லுக்கு அடார் என்று பெயர். தொட்டவுடன் நழுவுகிற சிறு விசைக்குத்தான் பொறி என்று பெயர். கல் வேறு, விசை வேறு என்று இரண்டு வார்த்தை வைத்திருந்தவர்கள், நிச்சயமாக அதைக் கையால் செய்தவர்களைக் கேட்டுத்தான் பாடியிருக்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது 'பார்வை'. பழக்கிய மானைக் கட்டிவைத்து, அதைக் கண்டு நெருங்கி வருகிற காட்டு மானைப் பிடிப்பார்கள். அப்படிக் கட்டிவைத்த மானுக்குப் பார்வை என்று பெயர். காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடுகிற பெரும்பாணாற்றுப்படையில், வேட்டுவர் குடிசை வாசலில் விளா மரத்தில் இந்தப் பார்வை கட்டப்பட்டு நிற்கிறது. ஆகவே இது எங்கள் தொண்டை நாட்டுச் சரக்கு என்று கொஞ்சம் கர்வமாகவே சொல்லலாம். ஆங்கிலத்தில் இதற்கு 'டிகாய்' என்பார்கள். அது கூண்டைக் குறிக்கிற டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. கூண்டைப் பார்த்துப் பெயரிட்டார்கள் அவர்கள். ஏமாறுகிற கண்ணைப் பார்த்துப் பெயரிட்டோம் நாம். மகாபலிபுரத்துப் பாறையில் பின்னங்கால்களில் நின்று தவம் செய்கிற பூனையையும், அதைச் சுற்றி நிம்மதியாக விளையாடுகிற எலிகளையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கண்ணி என்கிற சொல்லோ இன்னும் விசித்திரம். தலையில் சூடுகிற பூமாலையும் கண்ணி, பறவை பிடிக்கிற சுருக்கும் கண்ணி, இரண்டிரண்டு அடியாக வருகிற பாட்டும் கண்ணி. மூன்றிலும் முடிச்சு இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் பத்திரிகை படிக்கிற ஒருவருக்கு அது கண்ணிவெடியில்தான் பரிச்சயம்.

ஊரப்பாக்கத்தில் நான் குடியிருக்கிற தெருவுக்கு அப்பால் ஏரி. அப்புறம் கொஞ்சம் புதர்க்காடு. மிச்சமெல்லாம் மனைப் பிரிவும் அடுக்கு மாடியும். மழைக் காலத்தில் தண்ணீர் ஏறினால் பாம்பு வீட்டுக்குள் வரும். அப்போது வந்து பிடித்துப் போகிற இருளர் பெரியவர் ஒருவர் உண்டு. அவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"பெரியவரே, எலிக்கு நீங்கள் என்ன பொறி வைப்பீர்கள்?" என்று ஆரம்பித்தேன்.

அவர் சிரித்தார். "எலிக்கு எதுக்கு சார் பொறி? வளை தெரிஞ்சா போதாதா?" என்றார்.

அடியில் ஓட்டை போட்ட சட்டிக்குள் வைக்கோலைப் புகைய வைத்து, சட்டியின் வாயை வளையின் வாயில் அழுத்தி, ஓட்டை வழியே ஊதுவார்களாம். மற்ற வழிகளையெல்லாம் முன்னமே அடைத்துவிட வேண்டும். பிறகு வெட்டி எடுத்தால் எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும். முயலுக்கு வலை, கவுதாரிக்குக் கண்ணி. "இப்ப முயலைத் தொட்டா கேஸு சார்" என்று ஒரு வார்த்தையையும் நடுவில் போட்டுவைத்தார். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அவருக்கு மனப்பாடம். அந்தச் சட்டம் வந்து, பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்ற பிறகு, 1978-இல் இந்த ஜில்லாவில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். 2017-இல் இங்கிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க வரவழைத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இதே ஜனங்களை முன்பணம் என்கிற சுருக்கில் மாட்டி, அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமையாக வைத்திருந்து, அதிகாரிகள் போய் மீட்ட செய்திகளையும் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் சுருக்குக்குத் தனியாகப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. 'அட்வான்ஸ்' என்றாலே போதும்.

காலைக் கவ்வுகிற பொறியைப் பற்றி விளக்கினேன். அவர் யோசித்தார்.

"வாய் வச்ச இரும்பா? அது எங்ககிட்ட இல்ல சார். தஞ்சாவூர்ப் பக்கம் வயல்ல எலிக்குக் கிட்டி வைப்பாங்க, மூங்கில்ல. நெரிச்சுப் பிடிக்கும். அதைச் சொல்றீங்களோ என்னவோ."

கிட்டி! வில் போல வளைத்த மூங்கிலின் விசையால் எலியை நெரிக்கிற சாதனம். சொல்லைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியதும் சந்தோஷம் போய்விட்டது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி விசாரித்த கமிஷனின் 1855-ஆம் வருஷத்து அறிக்கையில் கிட்டி வருகிறது. அங்கே மாட்டிக்கொண்டது எலி அல்ல. நிலவரி கட்ட முடியாத குடியானவனின் விரல்களை இரண்டு கட்டைகளுக்கு இடையில் வைத்து நெருக்குவார்கள். சர்க்கார் பாக்கி வசூலாகும் வரையில்.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இது தெரியாத வித்தை அல்ல. திருட்டு வேட்டைக்காரன் காலை முறிக்க ஜமீன்தார்கள் தோட்டத்தில் மனிதப் பொறி வைத்திருந்தார்கள். 1827-இல் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். முயல் பாவம், 1958 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷந்தான் ஜின் பொறி அங்கே சட்ட விரோதமாயிற்று.

எழுந்து போகுமுன் பெரியவரிடம் நான் கதையைச் சொல்லியிருந்தேன். முயல் கத்துகிற இடம் வந்ததும் குறுக்கிட்டார்: "அது யார் வச்சது சார்? வச்சவன் ராத்திரியே போய்ப் பார்க்கணும். விடியற வரைக்கும் கத்த விடறவன் வேட்டைக்காரனா?"

கையெழுத்துப் பிரதியில் 'இரும்புக் கிட்டி' என்று எழுதி அனுப்பினேன். சில நாள் கழித்துப் பதிப்பகத்திலிருந்து பிழை திருத்துகிற இளைஞர் டெலிபோன் செய்தார். மரியாதையான பிள்ளை. "சார், கிட்டி என்றால் கிட்டிப்புள் ஆட்டந்தானே? இந்த இடத்தில் சரியாக இருக்குமா?" என்று கேட்டார். எலியைப் பற்றியும் குடியானவன் விரலைப் பற்றியும் சொன்னேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அடிக்குறிப்பு போட்டுவிடலாமா, சார்?" என்றார். போடச் சொன்னேன், 1855-ஐயும் சேர்த்து.