தோய்ச்சல்

நான் செய்த முதற் கத்தி ஒரு தக்காளிப்பழத்தைக்கூட வெட்டவில்லை; நசுக்கியது. வெள்ளவத்தையில் மாமியின் குசினிக்குள் வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டுதான் அதை இழுத்தேன். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா மட்டும் மிகுந்த அக்கறையோடு, "கடிதம் உடைக்கப் பாவிக்கலாம் மருமகன்" என்றார். அது 2005 டிசம்பர் விடுமுறை.

கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் கொல்லுவேலை எதற்கு என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பலாங்கொடைப் பக்கத்தில் எங்களூர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் அது ஒரு நிரந்தரப் பகிடி. நான் பதில் சொல்வதில்லை. பதில் என் ஒன்பதாவது வயதில் ஒரு ஹஜ்ஜுப் பெருநாட் காலையில் கிடக்கிறது. அன்று அறுத்தவர் நல்ல மனிதர். ஆனால் கத்தி மொட்டை. ஒரு இழுப்பில் முடிய வேண்டியது முடியவில்லை. வாப்பா என் முகத்தைத் தன் சாரத்துக்குள் இழுத்துப் பொத்திக்கொண்டார். கண் மறைந்தது, காது மறையவில்லை. அறுப்பவர் கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளட்டும், அறுக்கப்படும் பிராணிக்கு இலகுவாக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருவதைப் பின்னாளில் ஓதிக் கேட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வாப்பாவின் சாரத்து வாசம்தான்.

ஆசிரிய கலாசாலைப் படிப்பை முடித்து ஊருக்கு வந்தபின், விடுமுறைகளில் வெள்ளவத்தைக்கு மாமா வீட்டுக்குப் போவது வழக்கம். 2005இல் அப்படிப் போயிருந்தபோது, மாமாவின் பழைய மன்னாக் கத்தியைச் சாணை பிடித்துவரக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார்கள். வெள்ளவத்தையில் அதற்கு ஆளில்லையா என்று நானும் கேட்டேன். "சாணை பிடிக்க ஆள் ஈக்கிது. கத்தியை விளங்கின ஆள் அங்க மட்டுந்தான்" என்றார் மாமா.

லூசியா தேவாலயத்துக் கோபுரம் தெரிகிற ஓர் ஒழுங்கையில், ஒரு கதவளவு அகலமான கம்மாலை அது. உள்ளே பிள்ளையார் படமும் கொச்சிக்கடை அந்தோனியார் படமும் ஒரே புகையில் கறுத்திருந்தன. ஐயாவுக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து எழுபதுகளில் வந்தவர். 83இல் ஒருமுறை எல்லாம் எரிந்து, அடைகல் மட்டும் எரியாமல் கிடந்ததால் திரும்பவும் அதே இடத்தில் குந்தினவர். கத்தியை வாங்கி நகத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு விரலால் சுண்டி, காதருகே பிடித்துக் கேட்டார். "தீட்டித் தாறன். ஆனால் தோய்ச்சல் போட்டுது தம்பி. ரெண்டு கிழமைதான் நிக்கும்."

தோய்ச்சல் என்ற சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்து எடுப்பது. அது வாய்த்தால்தான் கத்தி. வாய்க்காவிட்டால் கத்தியின் உருவத்தில் ஒரு தகடு. அன்று மாலைவரை நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

மாமா வீட்டுப் பின்வளவில் கார் இல்லாத ஒரு கார்க் கொட்டகை இருந்தது. அதுதான் எங்கள் பட்டறையாயிற்று. எங்கள் என்றது, என்னோடு சேர்ந்துகொண்ட இருவரையும் சேர்த்து. அடுத்த ஒழுங்கையிலிருந்த தமிழ் வங்கி உத்தியோகத்தர் ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிங்களப் பொருத்துநர் ஒருவர். மூவருக்கும் கத்தியால் பிழைக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே எந்தத் தவறையும் ஆறுதலாகச் செய்ய முடிந்தது. லொறியின் பிரேக் டிரம் ஒன்றைக் கவிழ்த்து உலையாக்கினோம். துருத்திக்குப் பதில் முடி காயவைக்கும் இயந்திரம். பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு முழத் தண்டவாளத் துண்டு அடைகல். கரி, சிரட்டைக்கரி, அதைப்போல நின்று எரிகிற கரி வேறில்லை என்பது என் துணிபு.

இரும்புக்குப் பஞ்சிகாவத்தை. லொறிகளின் வில்லுத் தகடு அங்கே பழசாகக் கிடைக்கும். கத்திக்கு வேண்டிய கரிமம், நூற்றுக்கு 0.6 பங்கு அளவில், அதில் இருக்கிறது. ஆனால் பாரம் சுமந்து களைத்த தகட்டினுள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். ஐயா தட்டிப் பார்த்துச் சத்தத்தில் சொல்லிவிடுவார். நாங்கள் அடித்து, அராவி, மினுக்கி, ஒரு மாதம் மெனக்கெட்ட பிறகு உடைந்து காட்டும்.

முதலிரண்டு வருடங்களும் உடைத்த கணக்குத்தான். நீரில் தோய்த்தோம். 'டிங்' என்று ஒரு மெல்லிய ஒலி. அந்த ஒலியைக் கேட்டவனுக்கு மற்றதைச் சொல்லத் தேவையில்லை. இந்த வகை உருக்கு நீரின் குளிரைத் தாங்காது, எண்ணெய் வேண்டும், அதுவும் இளஞ்சூட்டில். சூட்டை எப்படி அறிவது? கண்ணை நம்பினோம், ஏமாந்தோம். வெயிலில் மங்கிய சிவப்பாகத் தெரிவது இருட்டில் செம்மஞ்சளாகத் தெரியும். கொட்டகைக்குச் சாக்குப் படங்கு கட்டி இருட்டாக்கச் சொன்னவர் ஐயாதான். கூடவே ஒரு காந்தத் துண்டையும் தந்தார். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். "காந்தம் விட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் விடோணும். அந்தக் கொஞ்சத்தைத்தான் சொல்லித்தர ஏலாது" என்பார்.

தோய்த்து எடுத்த கத்தியில் அரம் பிடிக்காது. கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கும். அந்த நிலையில் அது கீழே விழுந்தால் இரண்டாகிவிடும். ஆகவே திரும்பவும் மெல்லிய சூட்டில், 200 பாகை அளவில், இரண்டு மணி நேரம் வைத்து அதன் கோபத்தை இறக்க வேண்டும். மினுக்கிய முகத்தில் வைக்கோல் நிறம் படரும். அதற்கு நாங்கள் பாவித்தது மாமி கேக் போடும் அவன். எரிந்த எண்ணெய் வாசம் வீடெல்லாம் பரவி, அந்தப் பெருநாள் கேக்கை வாயில் வைக்க முடியாமற்போன கதையை மாமி இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

இதற்கிடையில் எனக்கு ஒரு கிறுக்கும் பிடித்தது. எங்களூருக்கு அருகே சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கிறது. அந்தப் பகுதி மலைச்சரிவுகளில், ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் பழைய இரும்புலைகளை வரிசை வரிசையாகக் கண்டுபிடித்தார். எல்லாம் மேற்குப் பார்த்தவை. துருத்தியில்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றை மட்டும் வாங்கி எரிந்தவை. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை உழைத்தவை. 1994இல் அதேபோன்ற உலையைக் கட்டி எரித்துக் காட்டி, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். காற்றைக் கொண்டே கரிமம் கூடிய உருக்கை எடுக்கலாம் என்று அதற்குமுன் பலர் நம்பவில்லை. அதே நூற்றாண்டுகளில், பக்தாதில் அல்கிந்தி, கலீபா முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஸரந்தீப் உருக்கைப் பற்றியும் பேசுகிறார். சிறுவயதில் ஆடு மேய்த்த சரிவில் நாங்கள் காலால் எற்றி விளையாடிய கறுப்புக் கட்டிகள் உலைக்கசடு என்று அறிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என் மனைவி இன்றைவரை புரிந்துகொள்ளவில்லை.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் பலாங்கொடைப் பகுதிக்கு வந்து, அழியும் நிலையிலிருந்த உருக்குத் தொழிலைப் பார்த்து 1908இல் வெளிவந்த தன் பெருநூலில் பதிந்து வைத்தார். மூசைக்குள் இரும்போடு ஆவாரை மரத் துண்டுகளை இட்டு அடைத்து உருக்குவார்களாம். இதை ஐயாவிடம் சொன்னேன். "ஆவாரையோ" என்று நெடுநேரம் யோசித்தார். பிறகு, "எங்கட அப்பு ஆவாரங்கட்டை எண்டு ஏதோ சொல்லுறவர். மருந்துக்கு எண்டு நினைச்சன்" என்றார்.

இனி, நான் எழுத வந்ததற்கு வருகிறேன்.

2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதற்கடுத்த ஞாயிறு நான் கம்மாலைக்குப் போனேன். உலை எரியவில்லை. சுவரில் தொங்கும் கத்திகள் ஒன்றுமில்லை. ஐயா கரிக்குவியலைக் கிளறி, சாக்கில் சுற்றிய ஒன்றை எடுத்துக் காட்டினார். இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் சொல்லி வைத்த நீளக் கத்தி. "சாணுக்கு மேல நீளமெண்டால் இப்ப கைவைக்கிறேல்லைத் தம்பி. வந்து பார்த்தாங்கள் எண்டால் என்ன விளக்கம் சொல்லுறது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க தொழில் செய்யிற ஆள்தானே ஐயா. பில் எழுதி வெச்சா யார் என்ன கேக்கப்போறது? ஒளிக்கிறதாலதான் சந்தேகம் வாறது." ஒரு வாத்தியாரின் குரலில் சொன்னேன். வகுப்பில் பயந்த பிள்ளைக்குத் தைரியம் சொல்கிற அதே குரல். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பிக்கு விளங்காது" என்றார். கோபமில்லை. சாக்கைத் திரும்பவும் கரிக்குள் தாட்டார்.

பன்னிரண்டு வருடம் கழித்து விளங்கியது.

2019 ஏப்ரல் விடுமுறையில், என் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல கத்தியை முடித்திருந்தேன். பதினொரு அங்குலம், குர்பானுக்கென்றே செய்தது. மயிரை வழிக்கும். ஐயாவிடம் நல்ல எருமைக் கொம்பு இருந்ததால், பிடி போட அவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். அந்த 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் வேறு ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அந்த ஆலயத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் போவார்கள், ஐயாவும் போவார். செய்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்கள். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். என்ன கேட்பது? 'சுகமா' என்றா? வைத்துவிட்டேன்.

மே முதல் வாரத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸில் ஒப்படைக்கும்படி பொதுமக்களுக்கு அறிவித்தல் வந்தது. அன்றாடத் தேவைக்கானவை அதில் அடங்காது என்றுதான் சொன்னார்கள். அன்றாடத் தேவைக்கு எத்தனை அங்குலம் என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் தேடுதல். உம்மா தேங்காய் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதையும் வீசவா மகன்?" என்று கேட்டார். எழுபது வயது மனுஷி. மாமா போன் எடுத்து ஒரு வசனம்தான் பேசினார்: "கொட்டகையை வெறுமையாக்கோணும், வாங்க."

போனேன். பதினான்கு வருடத்தில் சேர்ந்தவை இருபத்தொரு கத்திகள். பில்? எனக்கு நானே எழுதிக்கொள்ளும் பில்லை யாரிடம் காட்டுவது? பொருத்துநர் தானே கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மனசார வந்து சொன்னார். அவரை ஏன் மாட்டிவிட வேண்டும் என்று மாமா மறுத்துவிட்டார். ஸுபஹ் தொழுதுவிட்டு, ரெயில் பாதையைக் கடந்து, கற்களின்மேல் நின்று ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்தேன். மாமா பாதையைப் பார்த்து நின்றார். மொட்டைக் கத்தியையும் எறிந்தேன், தக்காளி நசுக்கிய அதையும். மொட்டையென்று யாருக்கு விளங்கப்படுத்துவது? அந்தக் காலையில் கரிக்குவியலும் சாக்கும் என் கண்முன்னால் வந்து நின்றன.

ஐயாவிடமிருந்த கத்தியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் எப்போதோ ஒப்படைத்திருப்பார், அல்லது வெட்டி ஆணியாக்கியிருப்பார். அதுதான் நியாயம் என்றும் நினைத்தேன். அந்த ஆகஸ்டில் வந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இரவற் கத்தியால் காரியம் முடிந்தது.

டிசம்பரில், எட்டு மாதத்துக்குப் பிறகு, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒழுங்கையில் நடக்கும்போது தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்ததை மறைக்க விரும்பவில்லை. ஐயா நன்றாக மெலிந்திருந்தார். ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் இன்னும் வெள்ளைக்கொடி மங்கிப்போய்த் தொங்கியது. நான் வாசலில் நின்றேன். பேச வாய் வரவில்லை.

"உள்ளுக்கு வாரும். உம்மடை கத்திக்குப் பிடி போட்டாச்சு" என்றார், போன கிழமை கொடுத்த வேலையைப்போல. கரிக்குவியலைக் கிளறினார். அதே சாக்கோ, வேறு சாக்கோ. கொம்புப் பிடி, மூன்று பித்தளை ஆணி, எண்ணெய் பூசித் துருவில்லாமல் இருந்தது. எட்டு மாதம், அந்தத் தேடுதலெல்லாம் நடந்த எட்டு மாதம், அவர் கூரையின்கீழ் என் கத்தி இருந்திருக்கிறது.

2007இல் சொன்னதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அலகை நகத்தில் வைத்துப் பார்த்தார். "பிசிர் இருக்கு. தீட்டி முடிச்சுத் தோல்ல இழுக்கேல்ல நீர்" என்று கண்டித்தார். சரிதான், நான் அவசரப்பட்டிருந்தேன். அவரே தோல்வாரில் இருபது இருபத்தைந்து தடவை இழுத்தார். பிறகு வீரகேசரித் தாளில் சுற்றினார்.

காசு கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு, அந்தோனியார் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பில் புத்தகத்தை எடுத்தார். முன்பக்கங்கள் நிறையக் கிழிபட்டிருந்தன. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, திகதி எழுதி, என் பெயரைக் கேட்காமலே முழுதாக எழுதி, அதன்கீழ் 'இறைச்சி வெட்டும் கத்தி 1 – கொம்புப் பிடி' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

"மறிச்சால் இதைக் காட்டும். காணாது எண்டால் கொல்லன்ரை கையொப்பம், கேட்டுப் பாருங்கோ எண்டு இஞ்ச கூட்டிக்கொண்டு வாரும்."

ஊருக்கு வருகிற பஸ்ஸில் இரண்டு இடத்தில் இறக்கிப் பரிசோதித்தார்கள். பையைத் திறக்கச் சொல்லவில்லை. அந்தப் பில்லைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, கத்தியின் தோலுறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.