தடுத்தால் மட்டும் போதுமா?

விடியற்காலை நான்கரைக்கு மாசாயிலிருந்து மோட்டாரில் கிளம்பினால்தான் சிங்கப்பூரில் நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேரலாம். வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். இரண்டாம் படிவம் படிக்கும் மகனிடம் நான் பேசுவதெல்லாம் "போனை வை", "பந்து விளையாடினது போதும்" என்பவைதான். அவன் பதில் "ம்". அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை செய்பவர் சொல்லித் தந்த 'ஹெக்ஸ்' விளையாட்டை அவனுக்குக் காட்டினேன். 1942இல் டென்மார்க்கின் பீட் ஹைன் உருவாக்கியது. சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஜான் நாஷும் தானாகவே இதைக் கண்டுபிடித்தார். 1994இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அதே நாஷ்தான்.

காகிதத்தில் தேன்கூடு போல 11 வரிசை, வரிசைக்கு 11 என 121 அறுகோணக் கட்டங்கள் வரைந்தோம். எதிரெதிரான இரண்டு ஓரங்கள் எனக்கு, மற்ற இரண்டு அவனுக்கு. காய்களுக்குக் கறுப்பு, வெள்ளைக் கொண்டைக்கடலை. ஆளுக்கொரு காயாக, காலிக் கட்டம் எதிலும் வைக்கலாம். வைத்ததை நகர்த்தக் கூடாது, எடுக்கவும் கூடாது. தன் இரு ஓரங்களையும் அறுபடாத சங்கிலியால் இணைப்பவருக்கு வெற்றி. முதலில் ஆடுபவருக்குச் சாதகம் அதிகம் என்பதால், முதல் காயைப் பார்த்த பிறகு எதிராளி விரும்பினால் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் கேக்கை வெட்ட, மற்றவர் முதல் துண்டை எடுப்பது மாதிரி.

மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் தோற்றேன். அவன் எங்கே வைத்தாலும் ஒட்டியே என் காயை வைத்து மறித்தேன். அவனோ, இரண்டு காய்களுக்கு நடுவே இரண்டு காலிக் கட்டங்கள் பொதுவாக இருக்கும்படி தள்ளித் தள்ளி வைத்தான். ஒன்றை நான் அடைத்தால் மற்றதில் வைத்து இணைத்துவிடுவான்.

"பா, நீங்க என்னைத் தடுக்கிறதிலேயே இருக்கீங்க. உங்க பாதையை எங்கே போட்டீங்க?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஆட்டத்தில் சமநிலையே கிடையாது. எதிராளியை முழுமையாக மறிக்க ஒரே வழி, குறுக்கே நம் சங்கிலியை முடிப்பதுதான். வீட்டிலும் நான் தடுத்தேனே தவிர, அவனிடம் போக ஒரு பாதையும் போடவில்லை.

அன்று மாலை, "பந்து விளையாட நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். சற்று யோசித்தான்.

"வாங்க. ஆனா கோல் கீப்பர்தான்."

அதிலும் தடுக்கும் வேலைதான் கிடைத்தது. ஆனாலும் போனேன்.