ஏன் அந்தக் காயி?

கூடைப்பந்து வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் தொடங்கும் வாரத்தில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், இந்த இரண்டையும் அவர்கள் கையாலேயே அளக்கச் சொல்வேன். வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து வீட்டில் ஏணி வாங்கி வருவோம். பந்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, மறுபக்கம் பரீட்சை அட்டையை நிறுத்தி, இடைவெளியை ஸ்கேலில் பார்ப்பார்கள். அளந்து முடித்ததும் எல்லா வருஷமும் ஒரே ஆச்சரியம்: "இத்தனை அகலமாங் சார்?" கீழே நின்று பார்த்தால் ஒரு பந்துக்கே இடம் பற்றாது போலத் தெரிந்த வளையத்தில், கிட்டத்தட்ட இரண்டு பந்து அடங்கும்.

"அப்புறம் ஏனுங் சார் உழுக மாட்டேங்குது?"

அப்போது ஒரு வளையல் கேட்பேன். யாராவது ஒரு பெண்பிள்ளை கழற்றித் தருவாள். நேராகப் பார்த்தால் முழு வட்டம். மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் வட்டம் ஒடுங்கிக் கண் போலாகி, கடைசியில் வெறும் கோடாகிவிடும். பந்துக்கு வளையம் தெரிவதும் அப்படித்தான். நேர் மேலிருந்து இறங்கினால் வாசல் 45 சென்டிமீட்டர். 30 டிகிரி சாய்வில் வந்தால் 45-ஐ சைன் 30-ஆல், அதாவது பாதியால், பெருக்க வேண்டும். 22.5 வரும். 24 சென்டிமீட்டர் பந்து அந்த வாசலில் விளிம்பில் இடிக்காமல் நுழைய வழியே இல்லை. சுமார் 32 டிகிரியைத் தாண்டினால்தான் பந்துக்குக் கதவு திறக்கும்.

இந்தக் கேள்வி எனக்கு வந்தது பதினோரு வயதில். விடை கிடைத்தது பதினேழு வயதில். நடுவிலிருந்த ஆறு வருஷமும்தான் நான் என்ன படிப்பது என்பதை முடிவு செய்தன.

சோமனூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டை ஒட்டித் தறிக்குடோன், அதில் எட்டுத் தறி. அப்பா பாவு வாங்கி வந்து கூலிக்கு ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தார் சுற்றுகிற வேலை இருக்கும். ஆனால் பள்ளிக்கூட மைதானத்தில் மண்தரையில் இரண்டு கூடைப்பந்துக் கம்பம் நின்றது. வலை இல்லாத வளையம், காய்ப்புக் கண்ட பலகை. அதன் கீழே விசிலோடு எங்கள் பி.டி. சார். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி உடற்கல்வியியல் கல்லூரியில் படித்தவர். நான் பந்தை நெஞ்சிலிருந்து நேராக வளையத்தைக் குறிபார்த்து அடிப்பேன். பலகையில் பட்டுத் தெறித்து ரோட்டுக்குப் போய்விடும். அவர் சொன்னது எப்போதும் ஒன்றுதான்: "கண்ணு, வளையத்தப் பாத்து அடிக்காத. வானத்தப் பாத்துப் போடு. அது வந்து உழுகும்."

அது எப்படி விழும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. போட்டுக் காட்டினார். விழுந்தது.

2004-இல் ஒரு நாள் எங்கள் ஏழெட்டுப் பேரைப் பஸ்ஸில் ஏற்றி, கருமத்தம்பட்டி வழியாகப் பீளமேட்டுக்குக் கூட்டிப்போனார். பி.எஸ்.ஜி. டெக் கல்லூரியில் பி.எஸ்.ஜி. கோப்பை ஆட்டம். கோவையில் அது பல பத்தாண்டுகளாக நடக்கிற அகில இந்தியப் போட்டி. நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் அப்படித்தான். தறியும் மில்லும் பம்ப்செட்டும் செய்கிற ஊர் என்று நம்மைச் சொல்வார்கள். கூடைப்பந்து ஊர் என்றும் சொல்லலாம். அன்றைக்கு வங்கி அணியும் ரயில்வே அணியும் ஆடின என்று நினைவு. யார் ஜெயித்தார்கள் என்பது மறந்துவிட்டது. மறக்காதது ஒன்று: ஒரு ஆட்டக்காரர் தூரத்திலிருந்து போட்ட பந்து, விளக்கைத் தொட்டுவிடும் போல மேலே போய், ஒரு கணம் அங்கேயே நின்றது போலத் தோன்றி, வளையத்தின் விளிம்பைக்கூடத் தொடாமல் வலையில் "சரக்" என்று இறங்கியது. திரும்பி வருகிற பஸ் முழுக்க ஜன்னலோரத்தில் கையால் வளைகோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

பின்னால்தான் தெரிந்துகொண்டேன், அந்த வளைகோடு தற்செயலாக வந்ததில்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, கூடையை மேலே படுக்கைவசத்தில் மாட்டியது யோசித்துச் செய்த காரியம். செங்குத்தாக நிற்கிற கோல் என்றால் பலம் உள்ளவன் முரட்டுத்தனமாக எறிந்தே ஜெயித்துவிடுவான். படுத்த கூடைக்குப் பந்தைத் தூக்கித்தான் போட வேண்டும், நிதானமாகத்தான் போட வேண்டும். ஒல்லியான ஒரு தறிக்காரர் பையனுக்கும் அதில் இடம் உண்டு என்பதை அவர் தீர்மானித்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆட்டம் எனக்கு மைதானத்தில் தொடங்கவில்லை, அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணையில் தொடங்கியது. கோடை லீவு முழுக்கத் தாயம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெறுமை. உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் இரண்டுதான் தாயம். எட்டில் ஒன்று என்று இன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். அமுச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தாயம் விழுவது எவ்வளவு அரிது என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

அமுச்சி ஆட்டத்தில் ஒரு கட்டளை உண்டு. நான் காயை நகர்த்தக் கையை வைத்ததும் கேட்பார்: "ஏன் அந்தக் காயி?" காரணம் சொல்லியாக வேண்டும். "சும்மா" என்றால் காயை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்துவிடுவார். தப்பான காரணம் சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார், விட்டுவிடுவார். அடுத்த சுற்றில் அந்தக் காயை வெட்டுவார். பேரன் என்று ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. ஏழு வயதுப் பையனைத் தன் முடிவுக்குத் தானே பொறுப்பாக்கி உட்கார வைத்து ஆடினார். அதைவிடப் பெரிய மரியாதையை அந்த வயதில் யாரும் எனக்குத் தந்ததில்லை.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். நல்ல மார்க் வாங்கின கொங்குப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் ஒரே ரோடுதான், அது நாமக்கல் பக்கம் போகும். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் சுற்றுவட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்த காலம் அது. 2007-இல் அப்படி ஒன்றில் என்னையும் சேர்த்தார்கள். பதினோராம் வகுப்புப் பாடம் பெயருக்குத்தான். இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகமே ஓடியது. விடியுமுன் எழுந்து ஸ்டடி, இரவு பத்தரை வரைக்கும் ஸ்டடி, நடுவில் டெஸ்ட். விளையாட்டு மைதானம் பள்ளி பஸ்கள் நிற்கிற இடமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் நான் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. பத்தாண்டு கழித்து, 2017-18-இல், பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது, இப்படிப் பாடத்தைத் தாண்டிப் போவதைத் தடுப்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என்னோடு அறையிலிருந்த ஒவ்வொருத்தன் முகமும் ஞாபகம் வந்தது.

எங்களைப் படிக்க வைத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. தறிச் சத்தத்திலும் காட்டு வேலையிலும் பிள்ளை நிற்கக் கூடாது என்பதற்காக நகையை அடகு வைத்துப் பீஸ் கட்டிய பெற்றோர்கள். நான் வருந்துவது வேறொன்றுக்காக. அந்த இரண்டு வருஷத்தில் எங்களில் யாரும், எந்தக் காரியத்திலும், ஒரு முடிவுகூட எடுக்கவில்லை. எழுவது, உண்பது, எந்தக் கேள்வியைப் படிப்பது, எதை விடுவது எல்லாவற்றையும் மணி அடித்துச் சொன்னார்கள். அப்படி வளர்ந்த பிள்ளையைப் பரீட்சை முடிந்ததும் கலந்தாய்வுத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, வாழ்க்கை முழுக்கச் செய்யப் போகிற வேலையைச் சில நிமிஷத்தில் தேர்ந்தெடு என்கிறோம். அவன் பக்கத்திலிருக்கிற மாமனைத் திரும்பிப் பார்க்கிறான். பார்க்காமல் என்ன செய்வான்? கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டாக ஆடுகிறவனுக்குத் தாக்க 24 விநாடிதான். அதற்குள் பாஸா, டிரிபிளா, ஷாட்டா என்று தானே முடிவு செய்து, தப்பினால் எல்லோருக்கும் முன்னால் தப்பி, உடனே ஓடித் திரும்பித் தடுக்க வேண்டும். ஒரு மாலையில் அது நூறு தடவை நடக்கும். முடிவெடுப்பதற்கு வேறு பயிற்சிக்கூடம் நம் பிள்ளைகளுக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விடை கிடைத்தது அந்த விடுதியில்தான். 2008, ஒரு ராத்திரி ஸ்டடி. சைன் 30 அரை, சைன் 90 ஒன்று என்று அதுவரை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். அன்று எதிரே இருந்தவன் தண்ணீர் டம்ளரைச் சாய்த்துக் குடித்தான். டம்ளரின் வாய் வட்டத்திலிருந்து ஒடுங்கியது. பேனாவை வைத்துவிட்டேன். வானத்தைப் பார்த்துப் போடு என்று பி.டி. சார் சொன்னது அந்த அட்டவணைக்குள் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் வளையம் வரைந்து 24-ஐ 45-ஆல் வகுத்தேன். அந்த இரவு ஸ்டடி முடிந்த மணி எனக்குக் கேட்கவே இல்லை.

2009-இல் கட்-ஆஃப் நன்றாகவே வந்தது. பொறியியல் கிடைக்கும். வீட்டில் பி.எஸ்ஸி. கணக்கு என்றேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார். பகலில் அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "கணக்குப் படிச்சுப்போட்டு என்ன கண்ணு பண்ணுவ?" என்று மெதுவாகத்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அம்மா அழுதது. அடுத்த நாள் அமுச்சியை வரவழைத்தார்கள், பேரனுக்குப் புத்தி சொல்ல.

அமுச்சி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, பழைய அதே குரலில் ஒரே வார்த்தை கேட்டார். "ஏஞ்சாமி?"

காரணம் சொல்லியாக வேண்டும். அவர் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் காட்டிச் சாய்க்கச் சொன்னேன். பந்து, வளையம், பி.டி. சார் சொன்னது, டம்ளர் எல்லாவற்றையும் சொன்னேன். இது எப்படி என்று தெரிந்துகொண்டதில் வந்த சந்தோஷம் இன்னும் நிறைய வேண்டும், அது கணக்கில் இருக்கிறது என்றேன். அமுச்சி கையை வெளிச்சத்தில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "மாப்பிள்ள, பையன் காரணஞ் சொல்றானுங்க. உட்டுருங்க."

கோவையில் கல்லூரி சேர்ந்தேன். மார்க்கில் கிடைத்த இடம்தான், ஆட்டத்தால் கிடைத்ததல்ல. இரண்டு வருஷம் தொடாத கைக்குப் பந்து திரும்ப ஒரு வருஷம் பிடித்தது. கல்லூரி அணியில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தேன். அதில் எனக்குக் குறை இல்லை.

இன்றைக்கு என் மாணவர்களின் பெற்றோர் விளையாட்டை வேறு விதமாகக் கேட்கிறார்கள். "சர்டிபிகேட் கெடைக்குமாங்க?" பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அது நல்ல ஏற்பாடு, உழைத்தவர்களுக்குச் சேர வேண்டியது. ஆனால் இடத்துக்காகவே பேட்மின்டன், இடத்துக்காகவே செஸ் என்று விடியற்காலையில் தூக்கத்தோடு கொண்டுவந்து இறக்கப்படுகிற பிள்ளையைப் பார்த்தால், இன்னொரு டியூஷன் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பிள்ளையிடம் யாரும் "ஏன்?" என்று கேட்கவில்லை.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய பையன் மாரியப்பன் தங்கவேலு. காய்கறி விற்ற அம்மா. பள்ளியில் பி.டி. ஆசிரியர் அவனை உயரம் தாண்டச் சொன்னார். அந்த ஆசிரியரின் மனதில் அப்போது எந்தச் சர்டிபிகேட்டும் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். 2016-இல் ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். அதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நடராஜன், இந்திய அணிக்கு ஆடிய பிறகு தன் ஊரிலேயே மைதானம் அமைத்து 2023-இல் திறந்தார். அவர் ஊருக்குக் கொடுத்தது இடம். பிள்ளைக்கு வேண்டியது முதலில் அதுதான்.

செல்போன் ஆட்டத்தைப் பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். வகுப்பில் தூங்கி விழுந்த ஒருவனிடம் ராத்திரி என்ன ஆடினாய் என்று கேட்டேன். பாதுகாப்பு வட்டம் சுருங்கச் சுருங்க எந்தப் பக்கம் ஓடுவது, எந்த நேரத்தில் ஓடுவது என்று அரை மணி நேரம் விளக்கினான். ஆரமும் மையமும் வைத்து அவன் பேசிய தெளிவு பரீட்சைத் தாளில் வந்ததில்லை. காரணம் சொல்லத் தெரிந்தவனை நான் குறைத்து எண்ண மாட்டேன். தூக்கத்தைத்தான் திருப்பிக் கேட்டேன். காசு வைத்து ஆடுகிற ரம்மி வேறு. அது குடும்பங்களை அழித்ததைப் பார்த்துத்தான் 2022-இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதை ஆட்டம் என்ற சொல்லால் அழைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

பி.டி. பீரியடைக் கணக்குக்காக நான் வாங்குவதில்லை. 2023-இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் சட்டமன்றத்தில், கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் அந்தப் பீரியடைக் கடன் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போர்ஷன் முடியாத வாரங்கள் எனக்கும் உண்டு. அப்போது காலையில் அரை மணி முன்னால் வருகிறேன், பிள்ளைகளும் வருகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். இந்த வருஷம் வளையல் கழற்றிக் கொடுத்த பிள்ளை ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று போட்டாள். பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பி உருண்டது. அவள் போய் எடுத்து வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வளையத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருவத்தெட்டு இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கோட்டில் காலை வைத்து, முகத்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.