பாதுகாவலர் யார்?



ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் நம்ம ஆழ்வார்குறிச்சிப் பையன் ஒருவன், "தனியா வர்ற அகதிப் பிள்ளைகளை வேற நாட்டுக்கு அனுப்புறது சரியா டீச்சர்?" என்று கேட்டிருந்தான். எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை ஆச்சி கைநாட்டு வைத்துச் சேர்த்திருந்தால், அந்த ஆச்சி வந்து கேட்டால்தான் டி.சி. கொடுப்போம். இடம் இல்லை என்று நாங்களாகவே எழுதி அனுப்பிவிட முடியாது.

ஆஸ்திரேலியாவில் 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணையில்லாமல் வந்து சேரும் பிள்ளைக்குக் குடியேற்றத் துறை அமைச்சரே பாதுகாவலர். வெளியே அனுப்பும் அதிகாரமும் அவர் கையில்தான். படகில் வந்த 800 பேரை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து 4,000 அகதிகளை ஏற்பதாக 2011-ல் ஒப்பந்தம் போட்டார்கள். துணையில்லாத ஒரு சிறுவனும் சேர்ந்து வழக்குத் தொடுத்தான். பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவனை அனுப்பக்கூடாது என்று ஆகஸ்ட் 31-ல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, அந்தச் சம்மதமே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். 2012 செப்டம்பரில் நவுரு தீவுக்குப் போன முதல் குழு இலங்கையிலிருந்து வந்த ஆண்கள். பிறகு 2014-ல் தனியாக வந்த பிள்ளைகளும் அங்கே போனார்கள். கடைசிப் பிள்ளைகள் அந்தத் தீவை விட்டு வெளியேற 2019 பிப்ரவரி ஆயிற்று.

பிள்ளைகளுக்கு விலக்குக் கொடுத்தால் தரகர்கள் பிள்ளைகளையே படகில் ஏற்றுவார்கள் என்று அரசு சொன்னது. கடலில் எத்தனையோ பேர் மூழ்கியதால், அதை வெறும் சாக்கு என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் அனுப்புகிறவரே பாதுகாவலராகவும் இருந்தால், அந்தப் பிள்ளைக்காக 'வேண்டாம்' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அனுப்புவதா வேண்டாமா என்று பேசும் முன்னே, அந்த ஆளை வேறாக நியமிக்க வேண்டும். இதுதான் என் பதில்.

நம் நாட்டிலும் எல்லாம் சரியாக இல்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. ஆனாலும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. ஆதரவில்லாமல் இருக்கும் பிள்ளையைக் கண்டால், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். கண்டவர் ஒருவர், முடிவு செய்பவர் வேறு. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

2022-ல்கூட தனுஷ்கோடிக் கரையில் இலங்கையிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கின. கடலோர மாவட்டங்களில் போலீசிலும் வருவாய்த் துறையிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, தனியாக ஒரு பிள்ளை வந்தால் 1098-க்கு ஒரு போன் போடுங்கள். முதலில் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.