தேன் குடிக்கும் கிளிகளின் ஊரிலே

உங்கள் தலையில் எப்போதாவது கிளி உட்கார்ந்திருக்கிறதா? ஒன்றல்ல, மூன்று? என் தலையில் உட்கார்ந்தன. போதாக்குறைக்கு இடது தோளில் ஒன்று, வலது மணிக்கட்டில் இரண்டு. கையில் பிடித்திருந்த தட்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஏழுக்கு மேல் கணக்குத் தவறிவிட்டது.

"தாத்தா, அசையாதீங்க!" என்று என் பேத்தி கத்தினாள்.

அசைவதாவது! மூச்சு விடுவதற்கே நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்தது கரம்பின் என்ற ஊரில். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தென்கோடியில், கோல்டு கோஸ்ட் என்று ஒரு நீண்ட கடற்கரை இருக்கிறது. பிரிஸ்பேன் நகரிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர். என் பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே குடியிருக்கிறார்கள். பேத்திக்குப் பத்து வயது. நான் போய் இறங்கிய மறுநாளே, "உங்களை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன்" என்று விடியற்காலையில் எழுப்பிவிட்டாள்.

கரம்பின் வனவிலங்குக் காப்பகத்துக்குள் நுழைந்து நின்றோம். முதலில் சத்தந்தான் வந்தது. ஆயிரம் மாட்டு வண்டிகளின் அச்சுக்கு ஒரே சமயத்தில் எண்ணெய் வற்றிப்போனால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கிறீச்சு! பிறகு மரங்களிலிருந்து நிறங்கள் இறங்கின. நீலத் தலை, பச்சை முதுகு, ஆரஞ்சும் சிவப்பும் குழைத்துப் பூசிய மார்பு, கழுத்தில் இளம்பச்சைப் பட்டை, பவழ அலகு. கல்யாணத்துக்குப் பட்டுப் புடைவை எடுக்கப்போன இடத்தில், எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டது போல இருந்தது. நம் ஊர்ப் பச்சைக்கிளிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ரெயின்போ லோரிகீட். தமிழில் வானவில் கிளி என்று சொல்லலாம். தலையிலிருந்து வால் நுனி வரை ஓர் அடிதான் நீளம்.

இவை கூண்டுக் கிளிகள் அல்ல என்பதைக் கவனியுங்கள். சுதந்திரமாகக் காட்டிலே திரிகிறவை. வேளை தவறாமல் வந்து, விருந்தாளிகள் ஏந்தி நிற்கும் தட்டுகளில் பணியாட்கள் ஊற்றும் கஞ்சி போன்ற ஆகாரத்தைக் குடித்துவிட்டுப் போய்விடுகின்றன.

இந்த வழக்கம் உண்டான கதை வேடிக்கையானது. அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்பவர் அங்கே தேனீயும் வளர்த்தார், பூவும் பயிரிட்டார். பூ இருந்தால் இந்தக் கிளிகள் சும்மா விடுமா? கூட்டமாக வந்து பாத்திகளைக் குதறித் தள்ளின. வேறு யாராவது துப்பாக்கியை எடுத்திருப்பார்கள். அவரோ 1947-ஆம் வருஷம் கிளிகளுக்கென்று தனியே தீனி வைக்க ஆரம்பித்தார். "இதைத் தின்றுவிட்டு என் பூவை விட்டுவிடுங்கள்" என்று ஒரு சமாதான உடன்படிக்கை! கிளிகள் உடன்பட்டன. அதைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். தோட்டம் காப்பகமாயிற்று. 1976-இல் அவர் அதைக் குவீன்ஸ்லாந்து தேசிய அறக்கட்டளைக்குத் தானமாகவே கொடுத்துவிட்டார்.

என் மணிக்கட்டில் இருந்த கிளி தட்டை விட்டுவிட்டு என் விரலை நக்கியது. சொரசொரவென்று, ஈரமான தூரிகையால் தடவியது போல இருந்தது. அதுதான் இந்த இனத்தின் விசேஷம். நம் தேன்சிட்டுக்கு நீண்டு வளைந்த அலகு. இதற்கோ அலகு சாதாரணக் கிளி அலகுதான், நாக்கு நுனியில்தான் மயிர் போன்ற நுண்ணிய இழைகள். பூவுக்குள் நாக்கை விட்டுத் துழாவினால் தேனும் மகரந்தமும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். யூகலிப்டஸ், பாங்சியா, பாட்டில் பிரஷ் இவற்றின் பூக்கள்தான் இவற்றுக்குச் சமையலறை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் புட்டி கழுவும் பிரஷ் மாதிரி சிவப்பாகப் பூத்துத் தொங்குமே, அதே பாட்டில் பிரஷ்தான். அது ஆஸ்திரேலியாவிலிருந்து நம் மலைக்கு வந்த மரம்.

வீடு திரும்பும்போது பேத்தி காரில் மௌனமாக இருந்தாள். அவள் மௌனமாக இருந்தால் ஏதோ விண்ணப்பம் தயாராகிறது என்று அர்த்தம்.

"தாத்தா, எனக்கு ஒரு லோரிகீட் வேணும். அம்மா கிட்ட நீங்கதான் சொல்லணும்."

ஆஸ்திரேலியாவில் காட்டுக் கிளியைப் பிடிப்பது குற்றம். ஆனால் கூண்டிலேயே பிறந்த கிளியை, அரசாங்க விதிகளுக்கு உட்பட்டு வளர்க்கலாம். இது பேத்திக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. காரணம், பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் அப்படி ஒன்றை வளர்த்து வந்தார். அதன் பெயர் சார்லி, வயது ஆறு.

அன்று மாலையே அவரைப் பார்க்கப் போனோம். எழுபத்து நான்கு வயது. மனைவி காலமாகிவிட்டார். சார்லி அவர் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு, இங்கிலீஷில் எங்களுக்கு வந்தனம் சொல்லிற்று. பேத்தி உருகிப் போனாள்.

அவர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். கூண்டுக்குப் பின்னால் சுவர் முழுவதும் பிளாஸ்டிக் திரை. "திரவமாகச் சாப்பிடுகிற பிராணி, வெளியேற்றுவதும் திரவமாகத்தான்! அதையும் வெகு தூரத்துக்குப் பீச்சும்" என்றார். நான் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் சொன்னதை நீங்களும் கேட்டுக்கொள்வது நல்லது. நம் ஊர்ச் செல்லப் பிராணிக் கடைகளிலும் இப்போது லோரி இனக் கிளிகள் விற்பனைக்கு வருகின்றன அல்லவா?

இந்தக் கிளிக்குத் தினையும் சூரியகாந்தி விதையும் போட்டால் போதாது. மற்றக் கிளிகளைப் போல் கெட்டி விதையை அரைக்கும் பலம் இதன் இரைப்பைக்கு இல்லை. சர்க்கரைத் தண்ணீரோ, தேனும் தண்ணீருமோ கொடுத்தாலும் ஆகாது. பூவிலே தேன் மட்டுமா இருக்கிறது? மகரந்தம் இருக்கிறது. தசையும் இறகும் வளரச் சத்துக் கொடுப்பது அதுதான். வெறும் இனிப்பைக் குடித்த கிளி வயிறு நிறைந்தபடியே மெலியும். ஆகவே இதற்கென்று தயாரித்த மாவை வாங்கித் தண்ணீரில் கரைத்து வைக்க வேண்டும். வெயில் நாளில் சில மணி நேரத்தில் அது புளித்துக் கிருமி பிடித்துவிடும். காலையில் புதிதாக ஒரு முறை, மாலையில் புதிதாக ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆப்பிள், பேரி, திராட்சை கொஞ்சம் கொடுக்கலாம். வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் விஷம். இரும்புச் சத்து மிகுந்த தீனியும் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

"இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"நன்றாக வைத்துக்கொண்டால் இருபது வருஷம், அதற்கு மேலும்" என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. ஆறிலிருந்து இருபது, எழுபத்து நான்கிலிருந்து... இந்தக் கணக்கை நான் மனத்துக்குள் போட்டேன். அவர் எத்தனையோ முறை போட்டிருக்க வேண்டும்.

"எனக்கு அப்புறம் சார்லியை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் என் கவலை" என்றார் கடைசியில்.

"நான்!" என்றாள் பேத்தி.

பெரியவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "ஒரு வாரம் காலையும் மாலையும் நீ வந்து எல்லாம் செய். பிறகு பேசுவோம்" என்றார்.

என் பேத்தி ரோஷக்காரி. ஏழு நாளும் ஆறு மணிக்கு எழுந்தாள். மாவு கரைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், பிளாஸ்டிக் திரையைக் கூட முகம் சுளிக்காமல் துடைத்தாள். ஆனால் ஐந்தாம் நாள் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"தாத்தா, நாம வீட்டுக்கு வந்த அப்புறம் சார்லி நாள் முழுக்கக் கத்திக்கிட்டே இருக்கே, ஏன்?"

அதற்குப் பதில் எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. அந்த ஊரில் பொழுது சாயும் நேரத்தில் கடற்கரைச் சாலை மரங்களைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கில் வானவில் கிளிகள் அடைய வந்து, இடத்துக்காகச் சண்டை பிடித்து, சமாதானமாகி, மறுபடி சண்டை பிடிக்கும். ஜோடி சேர்ந்துவிட்டால் பிரிவதே அபூர்வம். மரப்பொந்தில் பெரும்பாலும் இரண்டு முட்டை. இருபத்தைந்து நாளில் குஞ்சு. இப்படிக் கூட்டமும் குடும்பமுமாக வாழ்கிற ஜாதி, ஒற்றைக் கிழவர் வீட்டில் ஒற்றையாக இருந்தால் கத்தாமல் என்ன செய்யும்?

"அப்படின்னா கதவைத் திறந்து விட்டுடலாமே!" என்றாள்.

எனக்கும் அதுதான் தோன்றிற்று. பெரியவரோ தலையை அசைத்தார். கூண்டில் பிறந்த கிளிக்கு எந்தப் பூ எந்தக் காலத்தில் பூக்கும் என்று தெரியாது, பருந்தைத் தெரியாது. கூண்டுக் கிளியிடம் நோய் இருந்தால் காட்டுக்குப் பரவும். அலகையும் இறகையும் கெடுக்கும் வைரஸ் ஒன்று உண்டு. பிடித்தால் இறகு கொட்டிப் பறக்க முடியாமல் தரையில் ஓடித் திரியும். மருந்து கிடையாது. வீட்டு முற்றத்தில் அழுக்குத் தட்டு வைத்துக் கூட்டம் சேர்த்தாலும் இதே நோய்தான் பரவும். பறவைகளுக்குத் தீனி வைத்தே புகழ் பெற்ற கரம்பின் காப்பகத்துக்கு உள்ளேயே ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. நோய்ப்பட்ட லோரிகீட்டுகள் அங்கே ஏராளமாக வருகின்றன.

இன்னொரு கதையும் சொன்னார். நாட்டின் மறுகோடியில், மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரம் இந்தக் கிளியின் சொந்த ஊர் அல்ல. 1960-களில் அங்கே ஒரு சில கிளிகள் வெளியே விடப்பட்டன, அல்லது தப்பித்தன. இன்று பல்லாயிரம்! திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்குகின்றன. உள்ளூர்ப் பறவைகளை மரப்பொந்திலிருந்து துரத்துகின்றன. அந்த மாநில அரசாங்கம் அவற்றை உபத்திரவப் பறவை என்றே அறிவித்திருக்கிறது. இங்கே கண்ணுக்கு விருந்து, அங்கே தலைவலி.

ஏழாம் நாள் பேத்தி பெரியவரிடம் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"வேலை எனக்குக் கஷ்டமா இல்லை. ஆனா நான் ஸ்கூலுக்குப் போனா சார்லி தனியா இருக்கும். அதுக்கு நான் வேண்டாம், இன்னொரு லோரிகீட்தான் வேணும்" என்றாள்.

பெரியவர் அவளையே வெகு நேரம் பார்த்தார். "இது எனக்கும் தெரியும். சொல்லத்தான் மனசு வரவில்லை" என்றார்.

நான் ஊர் திரும்புவதற்கு முன், அறை போன்ற பெரிய வலைக்கூண்டில் இதே இனத்தை வளர்க்கும் ஒரு சிநேகிதரிடம் சார்லியை ஒப்படைத்துவிட்டார். முதலில் வைத்தியரின் பரிசோதனை, பிறகு சில வாரம் தனியறை, அதற்குப் பிறகே மற்றக் கிளிகளோடு சேர்ப்பார்களாம். அன்று மாலை அவர் வீட்டில் சத்தமே இல்லை. அவருடைய சட்டைக் காலர் மட்டும் கிழிந்தபடியே இருந்தது.

மறுநாள் ஒரு தொட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாட்டில் பிரஷ் கன்று. இருவரும் சேர்ந்து நட்டார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது கிளி வளர்க்கும் ஆசை இருக்கலாம். நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதை நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. அயல்நாட்டு லோரிகளை வைத்திருந்தாலும், அச்சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி பதிவு செய்ய வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். காலையும் மாலையும் மாவு கரைக்க ஆள் உண்டா, துணைக்கு இன்னொரு கிளி உண்டா, இருபது வருஷம் கழித்து அதற்கு யார் என்று மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் வளர்க்கலாம். இல்லாவிட்டால் மண்ணில் ஒரு பூச்செடி வையுங்கள். கிளி வராவிட்டாலும் தேன்சிட்டு வரும்.

போன மாதம் பேத்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். செடி ஆளுயரம் வளர்ந்து சிவப்பாகப் பூத்திருக்கிறது. இரண்டு கிளிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவை நக்குகின்றன. கீழே அந்தப் பெரியவர் அண்ணாந்து நின்றுகொண்டிருக்கிறார். கையில் தட்டு இல்லை.